எட்டுக்கு ஆறு: இப்போது யார் சர்வீஸ்?

மேசைப்பந்தில் பாயிண்ட் எண்ணத் தெரியாமல் யாரும் சண்டை போடுவதில்லை. சண்டை வருவதெல்லாம் "இது யாரோட சர்வீஸ்?" என்ற இடத்தில்தான். ராமநாதபுரம் கடற்கரையோரம் மண்டபத்திலோ கீழக்கரையிலோ ஒரு பள்ளியில் குறுவட்டப் போட்டி நடந்தால், அம்பயர் நாற்காலியில் உட்காருவது அநேகமாக முந்தைய ஆட்டத்தில் தோற்ற பையனாகவோ, பிள்ளைகளோடு வந்த உடற்கல்வி ஆசிரியராகவோ இருக்கும். ஆடத் தெரிந்தவர்கள்தான், ஆனால் கணக்கு ஓடும் முறையை யாரும் அவர்களுக்கு உட்கார்ந்து சொல்லித் தந்திருக்க மாட்டார்கள். ஸ்கோர் 8-6 ஆகும், ஒரு லெட் (யாருக்கும் பாயிண்ட் இல்லாமல் மறுபடி ஆடுவது) விழும், பந்து உருண்டு வாசலுக்குப் போகும். எடுத்து வருவதற்குள் இரண்டு பேருமே பந்துக்குக் கை நீட்டுவார்கள்.

விடை ஸ்கோருக்குள்ளேயே இருக்கிறது. இரண்டு எண்களையும் கூட்டினால் 14. நாலால் வகுத்தால் மீதி 2. மீதி 0 அல்லது 1 என்றால், அந்த கேமை சர்வீஸ் போட்டு ஆரம்பித்தவரின் முறை. மீதி 2 அல்லது 3 என்றால் மற்றவரின் முறை. ஆகவே 8-6இல் சர்வீஸ் போட வேண்டியவர், கேமின் தொடக்கத்தில் ரிசீவ் செய்தவர். அவருடைய இரண்டு சர்வீஸில் இது முதலாவது. 8-7 ஆனால் கூட்டுத்தொகை 15, மீதி 3: அவருடைய இரண்டாவது. 8-8 என்றால் 16, மீதி இல்லை: ஆரம்பித்தவரிடம் திரும்பிவிட்டது. அம்பயர் நினைவில் வைக்க வேண்டியது கேமின் முதல் சர்வீஸ் யாருடையது என்பதை மட்டும்தான். ஸ்கோர் தாளில் அந்தப் பெயரின் பக்கத்தில் ஒரு புள்ளி வைத்துவிட்டால் அதையும் மறக்கலாம்.

கணக்கு இவ்வளவு சுத்தமாக வரக் காரணம், விதியின் எளிமை. ஒவ்வொரு ரேலிக்கும், அதாவது சர்வீஸில் தொடங்கி ஒருவர் தவறும்வரை நடக்கும் அடிமாற்றத்துக்கும், ஒரு பாயிண்ட் உண்டு. சர்வீஸ் யார் போட்டிருந்தாலும் ரேலியை ஜெயித்தவருக்கு அது சேரும். இரண்டு பாயிண்ட்டுக்கு ஒருமுறை சர்வீஸ் கை மாறும். முதலில் 11 தொட்டவருக்கு கேம், ஆனால் இரண்டு பாயிண்ட் வித்தியாசம் இருக்க வேண்டும். 10-10 ஆகிவிட்டால் ஒரு பாயிண்ட்டுக்கு ஒரு சர்வீஸ் என்று மாறிக்கொண்டே போகும். 12-10லும் முடியலாம், 18-16 வரைக்கும் இழுக்கலாம், மேல் வரம்பு கிடையாது. அந்தக் கட்டத்தில் நாலால் வகுக்கும் வேலையும் இல்லை. கூட்டுத்தொகை இரட்டைப்படை என்றால் ஆரம்பித்தவர், ஒற்றைப்படை என்றால் மற்றவர்.

இதிலிருந்து கிடைக்கும் ஒரு குறுக்குவழி பதற்றமான நேரத்தில் உதவும். 9-9, 10-8, 10-9 ஆகிய மூன்று ஸ்கோரிலும், 10 யார் பக்கம் இருந்தாலும் சரி, சர்வீஸ் எப்போதும் முதலில் ரிசீவ் செய்தவருடையதுதான். அதற்கடுத்து 10-10 ஆனால் முதலில் சர்வீஸ் போட்டவருடையது. கடைசி நேரக் குழப்பத்தில் பாதி இந்த நாலு ஸ்கோருக்குள் அடங்கிவிடும்.

லெட் விழுந்தால் ஸ்கோர் நகராது. அதனால் சர்வீஸ் முறையும் நகராது. விரலை மடக்கி "ஒண்ணு, ரெண்டு" என்று எண்ணுகிறவர்கள் தடுமாறுவது இங்கேதான். அப்படியும் தவறான ஆள் சர்வீஸ் போட்டு நாலைந்து பாயிண்ட் ஓடிவிட்டது என்று வையுங்கள். தவறு தெரிந்த நிமிடத்தில் ஆட்டத்தை நிறுத்தி, அப்போதைய ஸ்கோருக்கு யார் போட வேண்டுமோ அவரிடம் பந்தைக் கொடுக்க வேண்டும். அதுவரை விழுந்த பாயிண்ட் எல்லாம் செல்லும். "முதல்லேருந்து ஆடுவோம்" என்பதற்கு விதியில் இடமில்லை.

ஒரு ஆட்டம் என்பது ஒற்றைப்படை எண்ணிக்கையிலான கேம்கள். ஐந்தில் மூன்று அல்லது ஏழில் நாலு ஜெயிக்க வேண்டும். நாள் குறைவு, ஆள் அதிகம் என்கிற பள்ளிப் போட்டிகளில் முதல் சுற்றுகளை மூன்று கேமாகச் சுருக்குவதுண்டு. அதுவும் விதிக்கு உட்பட்டதுதான்.

நாற்பது வயதைத் தாண்டியவர்களோடு ஆடினால் இன்னொரு கணக்கு வாயில் வரும்: 21 பாயிண்ட், ஆளுக்கு ஐந்து சர்வீஸ், 20-20இல் ஒன்றுக்கு ஒன்று. 2001 செப்டம்பர் 1 வரை உலகம் முழுக்க அப்படித்தான். சர்வதேச மேசைப்பந்து சம்மேளனம் அந்தத் தேதியிலிருந்து 11க்கு மாற்றியது. அதற்கு முந்தைய ஆண்டில்தான் பந்தின் விட்டம் 38 மில்லிமீட்டரிலிருந்து 40 ஆகியிருந்தது; அடுத்த ஆண்டு சர்வீஸ் போடும்போது உடம்பால் பந்தை மறைப்பது தடையானது. மூன்றுக்கும் நோக்கம் ஒன்றுதான். பந்து கொஞ்சம் மெதுவாக வர வேண்டும், ரேலி நீள வேண்டும், தொலைக்காட்சியில் பார்ப்பவருக்கு முக்கியமான பாயிண்ட் அடிக்கடி வர வேண்டும். 2014இல் செல்லுலாய்டு போய் பிளாஸ்டிக் பந்து வந்ததும் இந்த வரிசையில் சேரும், அதற்கு வேறு காரணங்கள் இருந்தாலும்.

கேம் குட்டையாகிவிட்டால் பலவீனமானவருக்கு வாய்ப்பு கூடும் என்று அப்போது சொன்னார்கள். அது பாதிதான் உண்மை. ஒவ்வொரு பாயிண்ட்டிலும் நூற்றுக்கு 55 ஜெயிக்கக்கூடிய ஒருவரை எடுத்துக்கொள்வோம். 21 பாயிண்ட் கேமில் அவர் ஜெயிக்கும் வாய்ப்பு 74 சதவீதத்தை ஒட்டி வரும். 11 பாயிண்ட் கேமில் அது 69 ஆகக் குறைகிறது. ஆனால் ஐந்து கேம் ஆட்டமாகப் பார்த்தால் மறுபடி 82க்கு ஏறிவிடுகிறது, ஏழு கேம் என்றால் 86. தனி கேமில் சறுக்கலாம், ஆட்டத்தில் சறுக்குவது கடினம். சரத் கமல் தேசிய ஒற்றையர் பட்டத்தை 10 முறை வென்றது முழுக்க இந்த 11 பாயிண்ட் காலத்தில்தான். மூன்று கேமாகச் சுருக்கும் பள்ளிப் போட்டிகளில் மட்டும் அந்தப் பழைய வாதத்துக்கு உயிர் இருக்கிறது: அதே ஆளின் வாய்ப்பு 77க்கு இறங்கிவிடும். நல்ல ஆட்டக்காரர் முதல் சுற்றிலேயே வீட்டுக்குப் போவதை அங்கே அடிக்கடி பார்க்கலாம்.

இனி, பாயிண்ட் எப்படி விழுகிறது என்பது. சர்வீஸில் ஆரம்பிப்போம், ஏனென்றால் இந்தக் கடற்கரையில் அதிகம் கெடுவது அதுதான்.

பந்து விரித்த உள்ளங்கையில் சும்மா இருக்க வேண்டும். விரலால் கவ்வக் கூடாது. கை ஒரு நொடி அசையாமல் நிற்க வேண்டும். அங்கிருந்து சுழற்சி கொடுக்காமல், ஏறத்தாழ நேராக மேலே, குறைந்தது 16 சென்டிமீட்டர் எழுப்பி, பந்து இறங்கும்போது அடிக்க வேண்டும். ஆரம்பம் முதல் அடிபடும் வரை பந்து மேசை மட்டத்துக்கு மேலேயும், போடுபவரின் பின்கோட்டுக்குப் பின்னாலும், எதிராளியின் கண்ணுக்குத் தெரியும்படியும் இருக்க வேண்டும். எழுப்பிய கையைப் பந்துக்கும் நெட்டுக்கும் இடையில் வைத்திருக்காமல் உடனே விலக்கிவிட வேண்டும். அடித்த பந்து முதலில் தன் பக்கத்தில் ஒருமுறை, பிறகு எதிர்ப்பக்கத்தில் படவேண்டும். 16 சென்டிமீட்டரை அம்பயர் எப்படி அளப்பார்? பக்கத்திலேயே அளவுகோல் இருக்கிறது: நெட்டின் உயரம் 15.25 சென்டிமீட்டர். கையை விட்ட இடத்திலிருந்து நெட் உயரத்துக்குச் சற்று மேலே பந்து போனால் சரி.

இப்போது இங்கத்திய காற்றைச் சேர்த்துப் பாருங்கள். பழைய பாம்பன் பாலத்தில் ரயிலை நிறுத்தி வைக்கக் காற்று மணிக்கு 58 கிலோமீட்டர் வேகத்தைத் தொட வேண்டியிருந்தது, 2.7 கிராம் பந்தைத் தள்ள சுவரில் மாட்டிய மின்விசிறியே போதும். ஆடி மாதக் கச்சான் காற்றோ மார்கழி வாடைக்காற்றோ ஜன்னல் வழியாக வீசும்போது, நேராக எழுப்பிய பந்து ஒரு சாண் விலகி இறங்கும். பிள்ளைகள் இதற்குப் பயந்து பந்தை எழுப்பும் உயரத்தைக் குறைத்துக்கொள்வார்கள். அது 16 சென்டிமீட்டருக்குக் கீழே போய் ஃபால்ட் ஆகும். சிலர் எழுப்பிய பந்து சரியில்லை என்று கையால் பிடித்துக்கொண்டு மறுபடி போடப் பார்ப்பார்கள். புல்தரை டென்னிஸில் அதற்கு அனுமதி உண்டு, இங்கே இல்லை. உள்ளங்கையிலிருந்து வேண்டுமென்றே எழுப்பிய அந்தக் கணத்திலிருந்து பந்து ஆட்டத்தில் இருக்கிறது; அடிக்காமல் விட்டால் பாயிண்ட் போச்சு. காற்று இருக்கிற கூடத்தில் செய்யக்கூடியது, உடம்பைக் காற்றுக்கு மறைப்பாக நிறுத்தி, 20 சென்டிமீட்டர் அளவில் எழுப்பி, மேசையை ஒட்டி நின்று போடுவது. உடம்பு காற்றை மறைக்கலாம், எதிராளியின் பார்வையை மறைக்கக் கூடாது.

காற்றுக்காக லெட் கேட்கலாமா என்பது இங்கே எல்லாப் போட்டியிலும் வரும் கேள்வி. ஆரம்பத்திலிருந்தே வீசும் காற்று இருவருக்கும் பொதுவான நிலைமை; அதற்கு லெட் கிடையாது. ரேலியின் நடுவில் யாரோ கதவைத் திறந்து காற்று சடாரென்று புகுந்தால், மின்சாரம் போனால், பக்கத்து மேசைப் பந்து காலடிக்கு உருண்டு வந்தால், பந்து உடைந்தால் அம்பயர் லெட் சொல்லலாம். சொல்ல வேண்டும் என்பதே சரி, ரேலி முடிவதற்கு முன்பே. தோற்ற பிறகு "பந்து உள்ள வந்துச்சு சார்" என்பதற்கு மதிப்பில்லை. சர்வீஸ் நெட்டில் உரசி, மற்றபடி சரியாக விழுந்தாலும் லெட். ரிசீவர் தயாராகவில்லை, அடிக்கவும் முயலவில்லை என்றாலும் லெட்.

சர்வீஸ் சரியா என்று அம்பயருக்கு உறுதியில்லாத சந்தேகம் வந்தால், அந்த ஆட்டத்தில் முதல்முறைக்கு எச்சரித்து லெட் கொடுப்பார். அடுத்த முறை சந்தேகம் வந்தாலே பாயிண்ட் எதிராளிக்கு. இரட்டையரில் ஒருவர் வாங்கிய எச்சரிக்கை ஜோடிக்கே பொருந்தும். சந்தேகமே இல்லாத அப்பட்டமான ஃபால்ட்டுக்கு எச்சரிக்கையெல்லாம் கிடையாது, நேராகப் பாயிண்ட். இந்த வேறுபாடு தெரியாமல் "முதல் தடவைக்கு விட்டுடணும்" என்று வாதாடுபவர்கள் நிறைய.

தெருவிலும் மன்றத்திலும் ஆடிப் பழகியவர்கள் போட்டிக்குக் கொண்டுவரும் சொந்த விதிகள் தனி ரகம். 7-0 வந்தால் கேம் முடிந்தது என்பது அவற்றில் பிரபலமானது. விதிப்புத்தகத்தில் அது இல்லை. 10-0 ஆனாலும் இன்னொரு பாயிண்ட் எடுத்தாக வேண்டும். மூன்று லெட் போட்டால் பாயிண்ட் போகும் என்பதும் இல்லை. லெட்டுக்கு எண்ணிக்கையே கிடையாது. ஒற்றையரில் சர்வீஸைக் குறுக்காகத்தான் போட வேண்டும் என்பார்கள்; அது இரட்டையருக்கு மட்டும். பந்து பேட்டில் படாமல் பேட் பிடித்த விரலில் பட்டுப் போனால் தவறு என்பார்கள்; மணிக்கட்டுக்குக் கீழே பேட் பிடித்த கை பேட்டோடு சேர்ந்ததுதான், அடி செல்லும். கை மேசையில் பட்டால் பாயிண்ட் போகும் என்பதில் பாதி உண்மை: பேட் பிடிக்காத கை மேசையின் மேல்பரப்பைத் தொட்டால்தான் போகும். பேட் பிடித்த கையோ, இடுப்போ பட்டால் பரவாயில்லை, மேசை நகராதவரை. நெட்டையோ அதன் கம்பத்தையோ ஆடுபவரின் உடம்பு, உடை, பேட் எது தொட்டாலும் பாயிண்ட் எதிராளிக்கு.

எட்ஜ் பற்றிய தகராறு கண்ணால் தீர்க்க வேண்டியது. மேல்பரப்பின் விளிம்பில் பட்டால் நல்ல பந்து, அதற்குக் கீழே பக்கவாட்டில் பட்டால் அவுட். பட்ட பிறகு பந்து எந்தப் பக்கம் தெறித்தது என்று பாருங்கள். மேலே எழும்பியிருந்தால் விளிம்பு. நேராகக் கீழே போயிருந்தால் பெரும்பாலும் பக்கவாட்டு. நெட் கம்பத்துக்கு வெளியே சுற்றி வந்து மேசையில் விழும் பந்தும் செல்லும். அது நெட் உயரத்துக்கு மேலே வரவேண்டும் என்று கட்டாயமில்லை.

இன்னும் இரண்டு இருக்கிறது, காற்று இருப்பதால் இங்கே அடிக்கடி நடப்பவை. பின்கோட்டைத் தாண்டிப் போய்க்கொண்டிருக்கும் பந்து, மேசையில் படாமலே ரிசீவரின் சட்டையில் மோதுகிறது. பாயிண்ட் யாருக்கு? பந்து மேசைக்கு மேலேயோ, மேசையை நோக்கியோ வரும்போது மறித்தால்தான் மறித்தவருக்கு நஷ்டம். தாண்டிப் போனது அவுட் பந்து, அடித்தவருக்கு நஷ்டம். காற்றில் பந்து கடைசி நேரத்தில் உள்ளே வளையக்கூடும் என்பதால், போகிற பந்தைக் கையால் பிடிக்கும் பழக்கத்தை விட்டுவிடுவதே நல்லது. இரண்டாவது, உயரமாகத் தூக்கிய பந்து எதிர்ப்பக்கத்தில் விழுந்து, சுழற்சியாலும் எதிர்க்காற்றாலும் நெட்டைத் தாண்டித் தன் பக்கமே திரும்பி வந்துவிடுவது. அது எதிர்ப்பக்கத்தில் ஒழுங்காகப் பட்டுவிட்டதால், எதிராளி அடித்தே ஆக வேண்டும். நெட்டைத் தொடாமல் கையை நீட்டி இந்தப் பக்கம் வந்துகூட அவர் அடிக்கலாம். அடிக்காவிட்டால் தூக்கியவருக்குப் பாயிண்ட்.

காற்றையும் வெளிச்சத்தையும் சமன் செய்யத்தான் பக்கம் மாறும் விதி. ஒவ்வொரு கேம் முடிந்ததும் மாறுவார்கள். கடைசி கேமில் யாராவது ஒருவர் 5 தொட்டதும் மாறுவார்கள். டாஸில் ஜெயித்தவர் சர்வீஸ், ரிசீவ், பக்கம் மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். பிற்பகலில் கடல்காற்று ஒரு பக்கம் முகத்தில் அடிக்கும் என்று பக்கத்தைத் தேர்ந்தெடுப்பவர்கள் உண்டு. ஐந்து கேம் போனால் அந்த லாபம் கரைந்துவிடும், ஆளுக்கு இரண்டு கேமும் கடைசியில் பாதியுமாக. சர்வீஸையோ ரிசீவையோ எடுத்துக்கொள்வதே புத்திசாலித்தனம். கடைசி கேமில் 5இல் மாற மறந்துவிட்டால், நினைவு வந்த ஸ்கோரில் மாற வேண்டியதுதான். விழுந்த பாயிண்ட்டுகள் நிற்கும்.

ஆட்டத்துக்கு முன்பு மேசையைப் பார்ப்பதும் அம்பயரின் வேலை. உப்புக்காற்றில் நெட்டைப் பிடிக்கும் கிளாம்ப்பின் ஸ்பிரிங் துருப்பிடித்துத் தளர்ந்துபோகும். நடுவில் நெட் தொய்ந்தால் உரச வேண்டிய பந்து தாண்டிவிடும். அளவுச்சட்டம் இல்லாவிட்டால் பேட்டின் அகலம் ஏறத்தாழ 15 சென்டிமீட்டர், அதை வைத்துப் பார்க்கலாம். ஈரத்தில் ஊறிய பிளைவுட் மேசையில் சில இடங்கள் செத்துப்போயிருக்கும். 30 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து பந்தை விட்டால் 23 அளவுக்கு எழ வேண்டும், மேசை முழுக்க ஒரே மாதிரி. விளிம்பில் 18தான் எழுகிறது என்றால் மேசையை மாற்றுங்கள். வேறு மேசை இல்லை என்றால் இருவருக்கும் முன்பே சொல்லிவிடுங்கள்.

இரட்டையருக்கு வருவோம். கீழக்கரை ஜோடி பாத்திமாவும் நிஷாவும், தங்கச்சிமடம் ஜோடி ஜெனிபரும் மேரியும் என்று வைத்துக்கொள்வோம். சர்வீஸ் போடுபவரின் வலது பாதியிலிருந்து ரிசீவரின் வலது பாதிக்குப் பந்து குறுக்காகப் போக வேண்டும்; நடுவிலுள்ள 3 மில்லிமீட்டர் வெள்ளைக் கோட்டில் பட்டாலும் சரி. அதன்பின் நாலு பேரும் முறைவைத்து ஒவ்வொரு அடி அடிக்க வேண்டும். முறை மாறி ஒரே ஆள் தொடர்ந்து அடித்தால் பாயிண்ட் போகும்.

முதல் கேமில் பாத்திமா ஜெனிபருக்கு இரண்டு சர்வீஸ் போடுகிறார். அடுத்து ஜெனிபர் நிஷாவுக்கு. பிறகு நிஷா மேரிக்கு. பிறகு மேரி பாத்திமாவுக்கு. ரிசீவ் செய்தவர் அடுத்து சர்வீஸ் போடுகிறார், சர்வீஸ் போட்டவர் ஒதுங்கிக் கூட்டாளியிடம் இடத்தைக் கொடுக்கிறார். எட்டு பாயிண்ட்டுக்கு ஒருமுறை சக்கரம் முழுதாகச் சுற்றும். ஆகவே கூட்டுத்தொகையை எட்டால் வகுங்கள்: மீதி 0, 1 பாத்திமா, 2, 3 ஜெனிபர், 4, 5 நிஷா, 6, 7 மேரி. அதே 8-6 இங்கே வந்தால் 14, மீதி 6, மேரி பாத்திமாவுக்குப் போட வேண்டும். 10-10இல் 20, மீதி 4, நிஷா மேரிக்கு. அங்கிருந்து அதே வரிசையில் ஆளுக்கு ஒரு சர்வீஸ்.

இரண்டாவது கேமில் தங்கச்சிமடம் ஜோடி சர்வீஸ் போடும். யார் போடுவது என்பது அவர்கள் விருப்பம். ஆனால் யார் ரிசீவ் செய்வது என்பதில் விருப்பத்துக்கு இடமில்லை: போன கேமில் அவருக்கு சர்வீஸ் போட்டவர் யாரோ அவர்தான். ஜெனிபர் போட்டால் பாத்திமா வாங்க வேண்டும், மேரி போட்டால் நிஷா. இப்படி கேமுக்கு கேம் இணை மாறுவதால், ஒருவரின் கடினமான சர்வீஸை ஒரே ஆள் ஆட்டம் முழுக்கச் சந்திக்க வேண்டியிருக்காது.

கடைசி கேமில் ஒரு ஜோடி 5 தொட்டதும், பக்கம் மாறுவதோடு, அடுத்து ரிசீவ் செய்ய வேண்டிய ஜோடி தன் வரிசையையும் மாற்ற வேண்டும். ஐந்தாவது கேம் பாத்திமா ஜெனிபருக்குப் போட்டு ஆரம்பித்து 5-3 ஆகிறது என்றால், கூட்டுத்தொகை 8, மறுபடி பாத்திமாவின் முறை. வாங்க வேண்டியது ஜெனிபர். வரிசை மாறுவதால் மேரி வாங்குவார். 5-2இலேயே மாற வேண்டி வந்தால் மேரிக்கு இன்னும் ஒரு சர்வீஸ் பாக்கி இருக்கும். அதை பாத்திமாவுக்குப் பதில் நிஷா வாங்குவார். பழகிய அம்பயர்களே தடுமாறும் இடம் இது. கடைசி கேம் தொடங்கும் முன்பே தாளில் இரண்டு வரிசையையும் எழுதி வைத்துக்கொள்வதைத் தவிர வேறு நல்ல வழி இல்லை.

துண்டால் வியர்வை துடைக்கவும் கூட்டுத்தொகைதான் கணக்கு: ஒவ்வொரு 6 பாயிண்ட்டுக்கும், அதாவது 6, 12, 18 ஆகும்போது அனுமதி, பிறகு கடைசி கேமில் பக்கம் மாறும்போது. இந்த ஊர்ப் புழுக்கத்தில் ஈரக்கையால் பிடித்த பந்து ரப்பரில் வழுக்கி நெட்டில் விழும் என்பதால், பிள்ளைகள் நடுவிலேயே ஓடப் பார்ப்பார்கள். நனைந்த பந்தைத் துடைக்க எப்போது வேண்டுமானாலும் கேட்கலாம்; துண்டுக்கு 6 வரும்வரை பொறுக்க வேண்டும். ஆட்டத்துக்கு ஒருமுறை ஒரு நிமிட டைம் அவுட் எடுக்கலாம்.

துரிதமுறை, அதாவது முடியாமல் இழுக்கும் ஆட்டத்தை விரைவாக முடிக்க வைக்கும் விதி, இங்கே அபூர்வம், ஆனால் இரண்டு தற்காப்பு ஆட்டக்காரர்கள் சந்தித்தால் வந்துவிடும். 1936இல் பிராக் நகரில் நடந்த உலகப் போட்டியில் போலந்தின் எர்லிக்கும் ருமேனியாவின் பானெத்தும் ஒரே ஒரு பாயிண்ட்டுக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் தட்டிக்கொண்டிருந்தார்கள். அடுத்த ஆண்டு பெண்கள் இறுதி ஆட்டம் நேர வரம்பில் நிறுத்தப்பட்டு யாருக்கும் பட்டம் தராமல் விடப்பட்டது. 2001இல்தான் இருவரையும் கூட்டுச் சாம்பியன்களாக அறிவித்தார்கள். இப்போதைய விதிப்படி ஒரு கேம் 10 நிமிடம் ஓடியும் இருவரும் சேர்ந்து 18 பாயிண்ட் எடுக்கவில்லை என்றால் துரிதமுறை தொடங்கும். சர்வீஸ் ஒவ்வொரு பாயிண்ட்டுக்கும் மாறும்; ரிசீவர் 13 முறை பந்தைச் சரியாகத் திருப்பிவிட்டால் பாயிண்ட் அவருக்கு. சர்வீஸை எடுக்கும் அடியே ஒன்று என்று எண்ணப்படும். எண்ணுவதற்குத் தனியாக ஒருவர் உட்கார்ந்து உரக்கச் சொல்ல வேண்டும். ஒருமுறை தொடங்கிவிட்டால் அந்த ஆட்டம் முடியும்வரை அதுதான்.

ஸ்கோரைச் சொல்லும்போது அடுத்து சர்வீஸ் போடப்போகிறவரின் எண் முதலில் வரவேண்டும். 8-6இல் சர்வீஸ் 6 எடுத்தவருக்கு என்றால் "ஆறு - எட்டு" என்று சொல்ல வேண்டும். சொல்லிப் பழகினால், யாருடைய சர்வீஸ் என்ற கேள்வி எழும் முன்பே பதில் காதில் விழுந்துவிடும். பாயிண்ட் ஜெயித்தவர் பக்கத்துக் கையை மடக்கி, முஷ்டியைத் தோள் உயரத்துக்கு எழுப்பிக் காட்டினால் ஸ்கோர் பலகையைப் புரட்டுகிற பிள்ளையும் தவறாது. பலகை ஒன்று, அம்பயர் சொன்னது ஒன்று என்று மோதினால், இருவரும் ஒத்துக்கொள்ளும் கடைசி ஸ்கோருக்குப் போவதே நடைமுறை.

முடிவை எழுதும்போது சோம்பல்படக் கூடாது. 3-2 என்று மட்டும் எழுதிவிட்டுப் போகிற தாள்கள்தான் மாலையில் தகராறாகின்றன. 11-9, 3-11, 11-9, 4-11, 12-10 என்று ஒருவர் ஜெயித்திருக்கலாம். மொத்தத்தில் அவர் எடுத்தது 41, தோற்றவர் எடுத்தது 50. நாக் அவுட்டில் இது வேடிக்கையான கணக்கு, அவ்வளவுதான். லீக் முறையில் அப்படியல்ல. அங்கே ஜெயித்தால் 2, ஆடித் தோற்றால் 1, ஆடாமலோ பாதியில் விட்டோ தோற்றால் 0. மூன்று பேர் சமமாக நின்றால், அவர்களுக்குள் நடந்த ஆட்டங்களை மட்டும் எடுத்து, ஜெயித்த கேமைத் தோற்ற கேமால் வகுப்பார்கள். அதுவும் சமமானால் பாயிண்ட்டுகளுக்கு இறங்குவார்கள். அந்த மூவரில் 'அ' 'ஆ'வை 3-1, 'ஆ' 'இ'யை 3-1, 'இ' 'அ'வை 3-2 என்று ஜெயித்திருந்தால், அ 5க்கு 4, ஆ 4க்கு 4, இ 4க்கு 5. முதலிடம் 'அ'வுக்கு, 'இ'யிடம் தோற்றாலும். அந்தத் தோல்வியில் எடுத்த இரண்டு கேம்தான் அவரைக் காப்பாற்றியது.

ஆகவே ஒவ்வொரு கேமுக்கும் இரண்டு எண்ணும் தாளில் இருக்க வேண்டும், இரண்டு பேரின் கையெழுத்தோடு. ராமேஸ்வரம் பஸ்ஸுக்கு நேரமாகிறது, எப்படியும் தோற்கத்தானே போகிறோம் என்று கடைசி லீக் ஆட்டத்தை ஆடாமல் கிளம்பும் பிள்ளைகளிடம் மட்டும் முன்பே சொல்லிவிடுங்கள்: இருந்து ஆடித் தோற்றால் 1 உண்டு, போய்விட்டால் 0.